தேவாலயத்துக்குப் போகச் சொன்ன செய்தி

காலை ஆறு மணி பத்து நிமிடம். பால் வாங்கக் கேட்டைத் திறந்தபோது முதலில் கண்ணில் பட்டது ஒரு டிரான்சிஸ்டரின் ஏரியல். அதை முழு நீளத்துக்கும் இழுத்து, முனையை மின்கம்பத்தின் இழுவைக் கம்பியில் தொட வைத்தபடி ஜெயராணி டீச்சர் சாலையோரத்தில் நின்றுகொண்டிருந்தார். தூறிக்கொண்டிருந்தது. குடை இல்லை. காலில் செருப்பும் இல்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் கையை உயர்த்தினார்.

"ஒரு நிமிசம் கதைக்காதேங்கோ சார்."

சிற்றலையில் குரல் எழும்பி அமுங்கியது. எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அவருக்குப் பிடிபட்டது. செய்தி முடிந்து பாட்டு வந்த பிறகும் அவர் ஏரியலை மடக்கவில்லை.

"ஒரு கோயிலுக்கு மேல குண்டு போட்டிட்டாங்களாம். யாழ்ப்பாணத்துக்கு மேற்கால எண்டு சொல்லுறாங்கள். ஊர்ப் பேர் சொல்லேல்ல."

அவர் பேச்சில் தேவாலயமும் கோயில்தான்.

"உங்கட பேப்பர் ஒஃபிசில செய்தி வாற மிசின் இருக்குதல்லோ. பேர் வந்தால் பாத்துச் சொல்லுவீங்களோ?"

"எந்த ஊரு டீச்சர்?"

சொன்னார். அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அந்த ஊரில் உறவுகளை இழந்தவர்கள் இன்னும் வாழ்கிறார்கள். என் நினைவுக்கு அவர்கள் ஊரை அடையாளமாக வைக்க எனக்கு உரிமை கிடையாது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஜூலை மாதம் அது.

மாடி அறை

நான் பெங்களூர் மர்பி டவுனில் பிறந்தவன் என்பதும், கல்யாணமான பிறகு காக்ஸ் டவுனில் சாலமன் என்பவரின் வீட்டுப் பின்கட்டில் பல வருடம் குடியிருந்ததும் இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்குத் தெரியும். அதே வீட்டின் மாடியில் ஒரே ஓர் அறை. அதில்தான் டீச்சர் இருந்தார்.

ஆசிரியப் பயிற்சிக்காக யாழ்ப்பாணத்திலிருந்து பெங்களூர் வந்தவர். படிப்பு முடிந்தபோது ஊருக்குப் போகும் வழி மூடியிருந்தது. பக்கத்துப் பள்ளியில் கணக்கு எடுத்தார். தொண்ணூற்றொன்றுக்குப் பிறகு இலங்கைத் தமிழர் எல்லாரும் மாதம் ஒருமுறை போலீஸ் ஸ்டேஷனில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். ஒருமுறை துணைக்குப் போயிருந்தேன். ஏட்டு நல்ல மனிதர். பேனாவை நீட்டிக்கொண்டே, "ஏனம்மா டீச்சர், யுத்த முகீதா?" என்று கேட்டார். சண்டை முடிந்ததா என்று. "இன்னூ இல்ல சார்" என்று இவரும் கன்னடத்திலேயே சொன்னார். மாதா மாதம் இதே கேள்வியும் இதே பதிலும்தானாம்.

ஊரில் அப்பா, அம்மா, தங்கை. அப்பா ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். அங்கே தொலைபேசி அறுந்து பல வருடம் ஆகியிருந்தது. கொழும்பில் ஒரு கன்னியாஸ்திரீ வழியாகக் கடிதம் போகும், வரும். ஒரு சுற்று முடிய ஆறு வாரம், எட்டு வாரம்.

அந்தக் கடிதங்களில் ஒரு வாக்குவாதம் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா வீட்டுப் பின்புறத்தில் பள்ளம் தோண்டி, பனங்குற்றிகளை அடுக்கி, மேலே மண்மூட்டை போட்டுப் பதுங்கு குழி செய்திருந்தார். விமானச் சத்தம் கேட்டால் அதற்குள் இறங்கிவிடுவது அவர் வழக்கம். அம்மாவுக்கு மூட்டுவலி, இறங்க முடியவில்லை. மழைக்காலத்தில் உள்ளே இடுப்பளவு தண்ணீர் நிற்கும். கோயிலுக்குப் போங்கோ என்று டீச்சர் எழுதுவார். மேலேயிருந்து பார்க்கிறவனுக்குக் கோயிலும் சந்தையும் ஒன்றுதான் என்று அப்பா பதில் எழுதுவார். மாடிப்படியில் உட்கார்ந்து இதை எங்களிடம் படித்துக் காட்டிச் சிரிப்பார் டீச்சர். "போஸ்ட்மாஸ்டருக்கு எப்பவும் தான் சொல்லுறதுதான் சரி."

டெலிபிரிண்டர் தந்த பெயர்

அலுவலகத்துக்கு ஒன்பதரைக்குப் போனேன். டெலிபிரிண்டர் இரவு முழுக்க அடித்த காகிதம் தரையில் சுருண்டு கிடந்தது. செய்தி மேலாகவே இருந்தது. இலங்கை அரசின் அறிக்கை. இரண்டு பத்தி.

முதல் பத்தி: விமானத் தாக்குதல் வெற்றிகரமாக நடக்கிறது, ராணுவ இலக்குகள் மட்டுமே தாக்கப்படுகின்றன. இரண்டாவது: தேவாலயம் எதுவும் தாக்கப்பட்டதாகத் தகவல் இல்லை.

நடக்காத ஒன்றை மறுக்க அரசுக்கு ஏன் ஒரு பத்தி தேவைப்பட்டது என்று யோசித்தபடி நின்றேன். பத்தரைக்கு அடுத்த துண்டு வந்தது. அங்கே மருத்துவ உதவி செய்துகொண்டிருந்த ஒரு வெளிநாட்டு அமைப்பு சொன்னது. தேவாலயமும் பக்கத்திலிருந்த இன்னொரு கோயிலும். உள்ளே அடைக்கலம் புகுந்திருந்தவர்கள். உடல்கள் இன்னும் இடிபாட்டுக்குள்.

ஊர்ப் பெயர் ஆங்கிலத்தில் இருந்தது. ஏழெட்டு எழுத்துகள். கண் அதைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்து நின்றது. டீச்சர் சொன்ன ஊர்.

பதினொன்றரைக்கு மூன்றாவது துண்டு. அதில் அரசுக்குக் கோபம். செத்தவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. தங்களைக் கேட்காமல் அந்த அமைப்பு எப்படி வெளியில் சொல்லலாம் என்பதுதான் கோபம்.

நியூஸ் எடிட்டர் குப்புராஜ் மூன்று துண்டுகளையும் வரிசையாக மேஜையில் வைத்துப் படித்தார். கோழை அல்ல, கெட்டவரும் அல்ல.

"வேலு, நம்ம ஆபீஸ் கண்ணாடி மாத்தி இன்னும் நாலு வருசம் ஆகல," என்றார். காவிரிக் கலவரத்தில் உடைந்த கண்ணாடி. "பெங்களூர்ல தமிழ்ப் பேப்பர் நடத்துறோம். ஸ்ரீலங்கா மேட்டர்னா எவன் எப்ப இன்னா பேரு வெப்பான்னு சொல்ல முடியாது. கவர்மென்ட் சொன்னத மேல போடு. மத்தத கீழ, 'கூறப்படுகிறது'ன்னு போட்டுரு."

"சார், பாடி எடுத்துனு இருக்காங்க சார். அதுல கூறப்படுகிறது இன்னா?"

"எடுத்துனு இருக்காங்கன்னு கூறப்படுகிறது," என்றார். சிரிக்கவில்லை.

அவர் சொன்னபடியே எழுதினேன். மறுப்பு மேலே. இறந்தவர்கள் கீழே.

பச்சை வெளிச்சம்

இங்கே நான்கு வருடம் பின்னால் போக வேண்டும்.

வளைகுடாப் போர் நடந்த குளிர்காலத்தில் எங்கள் அலுவலகத்துக்கு முதல்முறையாக ஒரு கலர் டி.வி. வந்தது. திரையில் பச்சை வெளிச்சம். நடுவில் ஒரு கட்டடம், அதன்மேல் கூட்டல் குறி. சத்தமே இல்லாமல் கட்டடம் பூப்போல விரியும். டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் கைதட்டினோம். நானும் தட்டினேன். 'ஊசிமுனைத் தாக்குதல்' என்று அந்த வாரம் நான் போட்ட தலைப்பை அடுத்த பேப்பர்காரர்களும் எடுத்துக்கொண்டதில் எனக்குப் பெருமை.

சில வாரம் கழித்து அதே போரிலிருந்து வேறொரு படம் வந்தது. மக்கள் ஒளிந்திருந்த ஒரு கட்டடம். உடல்களைப் போர்வையில் சுற்றி வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். அன்று யாரும் கைதட்டவில்லை. ஆனால் தலைப்பைப் பற்றியும் யாரும் பேசவில்லை. அதற்குள் அந்தச் சொல் மொழிக்குள் போய்விட்டிருந்தது. இன்றும் எங்காவது குண்டு விழுந்தால் அச்சில் பார்க்கிறேன்.

சாலமன் சொன்ன கணக்கு

மாலை ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்தேன். போர்டிகோவில் சாலமனும் டீச்சரும் உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் அன்று பள்ளிக்குப் போயிருக்கிறார். நாலு பீரியடும் எடுத்திருக்கிறார். விரல்களில் சாக்பீஸ் தூள் இருந்தது.

"பேர் வந்ததோ சார்?"

"வந்துச்சு டீச்சர்."

"எங்கட ஊரோ?"

தலையசைத்தேன். அவர் அழவில்லை. சாக்பீஸ் தூளை முந்தானையில் துடைத்தார். திரும்பத் திரும்பத் துடைத்தார்.

சாலமன் விமானப் படையில் ஆயுதப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். விமானத்தில் குண்டு ஏற்றுவது அவர் வேலை. அதைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதே இல்லை. அன்று பேசினார்.

"டீச்சரம்மா, சர்ச் பக்கத்துல கேம்ப் எதுனா இருந்துச்சா? உண்மைய சொல்லு."

"சந்தியில இயக்க ஆக்கள் நிண்டவை. கோயிலடியில இல்ல. நடந்து போகப் பதினைஞ்சு நிமிசம்."

"அப்ப அவனுக்கு அது பக்கம்தான்," என்றார் சாலமன். "இன்னா ஹைட்ல பறக்கறான் தெரியுமா? கீழ வந்தா சுட்டுடுவாங்க. ஏற்கெனவே ரெண்டு பிளேன் போச்சு. அதனால மேலயிருந்தே தள்ளிட்டு வான்னு ஆர்டர். அவ்ளோ மேலயிருந்து சந்தியும் தெரியாது, சர்ச்சும் தெரியாது. பைலட்டுக்கு அது தெரியும். ஆர்டர் போட்டவனுக்கும் தெரியும்."

"தெரிஞ்சா ஏன் சார் போடச் சொல்றான்?" என்றேன்.

"ஏன்னா, பிளேன் விழுந்தா மினிஸ்டர் பதில் சொல்லணும் மேன். சர்ச் விழுந்தா இல்லன்னு சொன்னா போதும்."

சாலமன்தான் தொடர்ந்தார்.

"நாங்க லோட் பண்ணா ஒவ்வொரு குண்டுக்கும் சேஃப்டி பின் இருக்கும், செவப்பு ரிப்பன் கட்டி. கடைசில அத உருவி, பைலட் கண்ணுக்கு நேரா தூக்கிக் காட்டணும். அவன் பாத்து கட்டைவிரல தூக்குவான். அப்புறம் ரெஜிஸ்டர்ல நான் சைன், அவன் சைன். ஒரு பின் கொறஞ்சா ரெண்டு பேருக்கும் கோர்ட் மார்ஷல். எல்லாத்துக்கும் கையெழுத்து இருக்கு. இந்த ஊருல போடுன்னு போன்ல சொன்னான் பாரு ஒருத்தன், அவன் கையெழுத்து மட்டும் எங்கயும் இருக்காது."

டீச்சர் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"ஆனா அரசாங்கம் சொன்னதுதானே சார். கோயிலுக்குப் போகச் சொல்லி. உங்கட பேப்பரில வந்தது." பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னார்: "கோயில், தேவாலயங்களில் பாதுகாப்பு: அரசு உறுதி."

எந்த மாதம் வந்தது என்று கேட்டேன்.

"மே மாதம் வந்தது. வெட்டி எடுத்து அப்பாக்கு அனுப்பினனான். இப்பவாவது நம்புங்கோ, இந்தியாப் பேப்பரிலயே போட்டிருக்கு எண்டு எழுதி."

இரண்டு பத்தி அகலம்

மறுநாள் அலுவலகத்தில் பழைய டெலிபிரிண்டர் கட்டுகளைக் குடைந்தேன். மாதவாரியாகச் சணல் போட்டுக் கட்டிப் படிக்கட்டுக்கு அடியில் போட்டிருப்போம். மே மாதக் கட்டு எலி கடித்திருந்தது. அந்தத் துண்டு முழுதாக இருந்தது.

ஆங்கிலத்தில் மூன்றே வரி. தாக்குதல் நடக்கும் நேரங்களில் பொதுமக்கள் கோயில், தேவாலயம் போன்ற இடங்களில் தங்கும்படி அரசு கேட்டுக்கொள்கிறது. அவ்வளவுதான். அங்கே குண்டு விழாது என்று அதில் இல்லை. பாதுகாப்பு என்ற சொல் இல்லை. உறுதி என்ற சொல் இல்லை.

இரண்டும் என்னுடையவை.

எப்படி வந்தன என்று எனக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. பக்கம் கிட்டத்தட்ட முடிந்திருந்தது. கீழ் மூலையில் இரண்டு பத்தி அகலத்துக்கு ஒரு துண்டு இடம். 'வழிபாட்டுத் தலங்களில் தங்குமாறு பொதுமக்களுக்கு அரசு வேண்டுகோள்' என்று முதலில் எழுதினேன். இடத்தில் அடங்கவில்லை. 'வேண்டுகோள்' ஐந்து எழுத்து, 'உறுதி' மூன்று. போகச் சொல்கிறார்கள் என்றால் பாதுகாப்பு என்றுதானே பொருள் என்று நினைத்தேன். எந்த உதவி ஆசிரியரும் அப்படித்தான் நினைப்பான். ஓர் அரசாங்கம் கேட்டுக்கொண்டதை அரை நிமிடத்தில் சத்தியமாக மாற்றிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

குப்புராஜிடம் காட்டினேன். படித்துவிட்டுத் துண்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"இதுக்குத் திருத்தம் போட முடியாதுப்பா," என்றார். "இன்னான்னு போடுவ?"

சாலமனிடம் சொன்னபோது அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது.

"நீ ஒரு வார்த்தை போட்ட. அவன் ஒரு ஊரையே போட்டான். உன் தப்ப பெருசாக்கி அவன் தப்ப சின்னதாக்காத."

அதில் நியாயம் இருந்தது. எனக்கு உதவவில்லை.

இரண்டு பக்கம்

எங்கள் பகுதித் தேவாலயத்தில் ஞாயிறு பூசைக்குக் கருத்து, அதாவது யாருக்காக வேண்டுவது என்று, எழுத ஒரு நோட்டு உண்டு. இடது பக்கம் உயிரோடு இருப்பவர்களின் நலனுக்காக. வலது பக்கம் இறந்தவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக. பூசைக்கு முன்னால் பாதிரியார் இரண்டையும் வாசிப்பார். பெயரும் எந்தப் பக்கம் என்பதும் கொடுத்தால் போதும். காக்ஸ் டவுன்காரர்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போவார்கள்.

நான் அந்த மதத்தவன் அல்ல. அந்த வாரம் டீச்சரோடு போனேன். சாலமன் தன் குடும்பத்தோடு முன்னால் போய்விட்டார்.

பாதிரியார் இளைஞர். நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "பேர் சொல்லுங்க டீச்சர்," என்றார்.

மூன்று பெயர் சொன்னார். அப்பா, அம்மா, தங்கை.

"எந்தப் பக்கம் போடட்டும்?"

அவர் கேட்டதில் தவறே இல்லை. எல்லாரிடமும் கேட்பதுதான். ஆனால் கேட்டு முடித்ததும் அவருக்கே புரிந்துவிட்டது. பேனாவைக் கீழே வைத்தார்.

"ரெண்டிலயும் போடுங்கோ ஃபாதர்," என்றார் டீச்சர்.

போட்டார். பூசையில் வாசிக்கவும் செய்தார். உயிரோடிருப்பவர்களில் மூன்று பெயர். சிறிது நேரத்துக்குப் பின், இறந்தவர்களில் அதே மூன்று பெயர். எனக்கு முன் வரிசையில் இருந்த ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்தார். பாதிரியார் தவறாக வாசிக்கிறார் என்று நினைத்திருப்பார்.

திரும்பி நடக்கும்போது சொல்லிவிட்டேன். உறுதி என்ற சொல் அரசு சொன்னதல்ல, நான் போட்டது என்று. ஏன் போட்டேன் என்பதையும் சொன்னேன். இடம் போதவில்லை என்று வெயிலில், தெருவில், ஒரு பெண்ணிடம் சொல்லிப் பார்த்தால்தான் அது எப்படி ஒலிக்கிறது என்று தெரியும்.

டீச்சர் நிற்காமல் நடந்தார். ரயில்வே கேட் அருகே சரக்கு வண்டிக்காக நிற்க வேண்டியிருந்தது. கடைசிப் பெட்டி போன பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"அந்தச் சொல் இல்லாட்டி நான் அனுப்பியிருக்க மாட்டன்," என்றார். குரலில் கோபம் இல்லை. கரும்பலகையில் ஒரு கணக்கின் அடுத்த வரியை எழுதுவதுபோல் சொன்னார். "சும்மா போகச் சொல்லினம் எண்டால் அப்பா என்னைப் பகிடி பண்ணியிருப்பார்."

பிறகு, "சொன்னது நல்லம்," என்றார்.

கேட் திறந்தது.

போஸ்ட்மாஸ்டரின் கடிதம்

விசாரணை நடக்கும் என்று ஒரு செய்தி வந்தது. அதை ஒரு பத்தியில் போட்டோம். அதன் முடிவு என்று எதுவும் எங்கள் டெலிபிரிண்டரில் வந்ததில்லை. நான் தேடிக்கொண்டுதான் இருந்தேன்.

டீச்சர் பள்ளிக்குப் போனார், ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டார். தினமும் இரண்டு மணிக்கு, பள்ளியின் சாப்பாட்டு இடைவேளையில், தபால் பார்க்க வீடுவரை நடந்து வந்து போவதாகச் சாலமனின் மனைவி சொன்னார்.

கடிதம் செப்டம்பர் நடுவில் வந்தது. சனிக்கிழமை. நானும் வீட்டில் இருந்தேன். மாடிப்படியில் இறங்கி வந்து என்னிடம் நீட்டினார். பிரித்திருந்தார், ஆனால் மடிப்பைத் திறக்கவில்லை.

"நீங்களே வாசியுங்கோ. சத்தமா வாசியுங்கோ. ஒண்டையும் விடாதேங்கோ."

சாலமன் எழுந்து நின்றார். நான் வாசித்தேன். தபால் அலுவலகத்தில் முப்பது வருடம் முகவரி எழுதிய கை. ஓர் எழுத்துக்கூட மற்றொன்றைத் தொடவில்லை. 'அன்புள்ள மகளுக்கு' என்று தொடங்கியிருந்தது.

டீச்சரின் கடிதமும் அதோடு வைத்திருந்த பத்திரிகைத் துண்டும் ஜூன் கடைசியில் கிடைத்தன. அம்மா துண்டைச் செபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். பக்கத்து வீடுகளுக்கும் கொண்டுபோய் வாசித்துக் காட்டினார். விமானச் சத்தம் கேட்ட அன்று அப்பா குழிக்குள் இறங்கும்படி எல்லோரையும் கூப்பிட்டார். பேப்பரில் போட்டிருக்கிறது என்று சொல்லி அம்மா தங்கையை அழைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனார். ஒழுங்கை என்று எழுதியிருந்த அந்தச் சிறு தெருவிலிருந்து இன்னும் இரண்டு குடும்பங்கள் கூடப் போயின. அம்மாவை அன்று மாலையே இடிபாட்டிலிருந்து எடுத்தார்கள். தங்கையை மறுநாள்.

நீ நல்லதை நினைத்துத்தான் அனுப்பினாய், அதைப் பற்றி யோசிக்காதே, சாப்பாட்டை விடாதே என்று எழுதியிருந்தார்.

நான் நிறுத்தினேன். இன்னும் ஒரு வரி இருந்தது.

"வாசியுங்கோ சார்," என்றார் டீச்சர்.

வீட்டுக்குச் சேதம் எதுவும் இல்லை, ஓர் ஓடுகூட உடையவில்லை என்று எழுதியிருந்தார்.